அசையாத கல் எது?

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது ஒரு சர்வேயரிடம் நன்றாக மூக்குடைபட்டேன். அந்தக் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். வரலாறு பின்னாலேயே வரும்.

தஞ்சாவூர்ப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. அடுத்த நிலம் அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பிக்கு. எனக்குச் சித்தப்பா முறை. நடுவில் ஒரு வரப்பு. அந்த வரப்பை யார் நகர்த்தினார்கள் என்பதில் தகராறு வந்து, இரண்டு வீட்டுக்கும் ஆறு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. கல்யாணப் பத்திரிகை கூட ஆள் மூலம்தான் போகும். எல்லைக் கல் இருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிகிற விஷயம். கல்லைத்தான் காணோம். நான் வெளியூர்க்காரன் ஆகிவிட்டதால் வருடத்துக்கு ஒருமுறை போகும்போது அப்பா சொல்வதைக் கேட்டுக்கொள்வதோடு சரி. இந்த முறை இரண்டு வீட்டுக்கும் வேண்டிய ஒருவர் பேசிப் பார்த்து, பணம் கட்டி அளந்துவிடலாம் என்று முடிவானது.

பொங்கல் முடிந்த அடுத்த வாரம் சர்வேயர் வந்தார். அறுப்பு முடிந்த வயல். ஒரு பக்கம் அப்பாவும் நானும், இன்னொரு பக்கம் சித்தப்பாவும் அவர் மகனும். அகமதாபாதில் பதினான்கு வருடமாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறவன் என்ற மிதப்பில் நான் செல்போனை எடுத்து மேப்பைத் திறந்தேன். "சார், நாம நிக்கிற இடத்தை இதுவே காட்டுதே. இதை வச்சே பாத்துடலாமே?" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே, "தம்பி, அந்தப் புள்ளி அஞ்சு மீட்டர் இப்படியும் காட்டும், அப்படியும் காட்டும். உங்க சண்டையே ரெண்டடிக்குத்தானே?" என்றார். சித்தப்பா மகன் அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்ததைப் பார்த்தேன்.

பிறகு என்னை விட்டுவிட்டு அப்பாவிடம் கேட்டார். "ஐயா, இந்தச் சுத்துவட்டத்துல அசையாத கல்லுன்னு எது இருக்கு?"

இந்தக் கேள்விதான் என்னை இந்தப் பதிவு எழுத வைத்தது. ரேடியோ அலையை வைத்து ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கிற கலைக்கு நூறு வருடத்துக்கும் மேலான வரலாறு இருக்கிறது. அதை முழுக்கப் புரட்டிப் பார்த்தால், கடைசியில் எல்லோரும் கேட்டது இதே கேள்விதான். அசையாத கல் எது?

கரையில் நின்று கேட்டவர்கள்

முதல் உலகப் போர் சமயம். ஜெர்மன் கடற்படைக் கப்பல்கள் துறைமுகத்துக்குள்ளேயே நின்றிருந்தன. எப்போது கிளம்பும் என்று தெரியாமல் பிரிட்டிஷ்காரர்கள் தவித்துக்கொண்டிருந்தார்கள். மார்க்கோனி கம்பெனியைச் சேர்ந்த ஹென்றி ரவுண்ட் என்ற பொறியாளரின் முயற்சியில் இங்கிலாந்தின் கரையோரத்தில் வரிசையாகக் கேட்கும் நிலையங்களை அமைத்தார்கள். கப்பல் ரேடியோவில் பேசினால் அந்த அலை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று இவை சொல்லும். ஒரு நிலையம் திசை மட்டும்தான் சொல்ல முடியும். ஆனால் இரண்டு நிலையங்கள் ஆளுக்கொரு கோடு போட்டால், இரண்டும் வெட்டுகிற இடத்தில் கப்பல்.

1916 மே மாதக் கடைசியில், ஒரு ஜெர்மன் கப்பலின் திசை ஒன்றரை டிகிரி மாறியிருந்ததை இந்த நிலையங்கள் கவனித்தன. வெறும் ஒன்றரை டிகிரி. துறைமுகத்தை விட்டு ஆற்று முகத்துக்கு நகர்ந்திருக்கிறது என்று கணக்குப் போட்டு, பிரிட்டிஷ் படையும் கிளம்பியது. மறுநாள் நடந்ததுதான் ஜட்லண்ட் போர்.

இங்கே கவனிக்க வேண்டியது, அந்த ஒன்றரை டிகிரிக்கு அர்த்தம் வந்ததே கேட்ட நிலையங்கள் எங்கே இருக்கின்றன என்று துல்லியமாகத் தெரிந்திருந்ததால்தான். கேட்கிறவன் நிற்கிற இடம் தெரியாவிட்டால் ஒன்றரை டிகிரியும் ஒன்றுதான், ஒன்பது டிகிரியும் ஒன்றுதான்.

இரண்டாம் உலகப் போரில் இதையே திருப்பிப் போட்டார்கள். கரையில் இருக்கும் நிலையங்கள் ஒலிபரப்ப, விமானமும் கப்பலும் கேட்டுத் தங்கள் இடத்தைத் தாங்களே கண்டுபிடித்தன. இரண்டு நிலையங்களிலிருந்து ஒரே நேரத்தில் கிளம்பிய அலைகள் எவ்வளவு முன்பின்னாக வந்து சேர்கின்றன என்று பார்ப்பதுதான் வித்தை. பிரிட்டனின் ஜீ முறை 1942ல் வேலைக்கு வந்தது, அமெரிக்காவின் லோரானும் அந்தக் காலத்தில்தான் பிறந்தது. டெக்கா என்ற இன்னொரு முறை 1944ல் நார்மண்டியில் படை இறங்கியபோது கப்பல்களுக்கு வழிகாட்டியது. எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே: இடம் தெரிந்த கோபுரங்கள்.

பீப் பீப் சத்தமும் ஒரு தலைகீழ்க் கேள்வியும்

1957 அக்டோபர் 4 அன்று ரஷ்யா ஸ்புட்னிக்கை ஏவியது. அது பீப் பீப் என்று கத்திக்கொண்டே பூமியைச் சுற்றியது. உலகமே வாயைப் பிளந்து கேட்டது. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த வில்லியம் கையர், ஜார்ஜ் வைஃபன்பாக் என்ற இரண்டு இளைஞர்களும் கேட்டார்கள். ஆனால் அவர்கள் கேட்டதோடு நிற்கவில்லை. அலைவரிசை மாறுவதைக் கவனித்தார்கள்.

ரயில் நிலையத்தில் நின்றிருக்கும்போது நிற்காத எக்ஸ்பிரஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே நம்மைக் கடந்தால், வரும்போது ஒரு சுருதி, போகும்போது அதைவிடக் கீழான சுருதி. டாப்ளர் விளைவு. ஸ்புட்னிக்கின் வேகம் விநாடிக்கு சுமார் எட்டு கிலோமீட்டர் என்பதால், 20 மெகாஹெர்ட்ஸ் சிக்னல் வரும்போது ஏறக்குறைய 500 ஹெர்ட்ஸ் கூடுதலாகவும் போகும்போது அதே அளவு குறைவாகவும் கேட்கும். இந்த மாற்றத்தின் வளைகோட்டை மட்டும் வைத்து ஸ்புட்னிக்கின் பாதையைக் கணக்கிட்டுவிட்டார்கள். கேட்கும் இடம் அவர்களுக்குத் தெரியும், அலைவரிசையை ஒப்பிட ஒரு நிலையான நேர ஒலிபரப்பும் இருந்தது. தெரிந்த இடத்திலிருந்து தெரியாத துணைக்கோளைக் கண்டுபிடித்தாயிற்று.

1958 மார்ச் மாதம் அவர்களுடைய மேலதிகாரி ஃபிராங்க் மெக்ளூர் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டார். துணைக்கோள் எங்கே என்று தெரிந்து, கேட்கிறவன் எங்கே என்று தெரியாவிட்டால், இதே கணக்கைத் தலைகீழாகப் போட முடியுமா?

முடியும் என்றார்கள். அவர் ஏன் கேட்டார் என்றால், போலாரிஸ் ஏவுகணைகளைச் சுமக்கும் நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு நடுக்கடலில் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று தெரிய வேண்டியிருந்தது. ஏவுகிறவன் இடம் தெரியாவிட்டால் ஏவுகணை எங்கே போய் விழும்? இப்படிப் பிறந்ததுதான் டிரான்ஸிட். 1960 ஏப்ரலில் முதல் வெற்றிகரமான துணைக்கோள், 1964ல் கடற்படைச் சேவை, 1967ல் பொதுமக்களுக்கும் அனுமதி, 1996 கடைசியில் ஓய்வு.

துணைக்கோள் எங்கே என்று யார் சொல்வது? அங்கேயும் தரையில் இடம் தெரிந்த நிலையங்கள்தான் அதைத் தொடர்ந்து கேட்டு, பாதையைக் கணக்கிட்டு, அந்தக் கணக்கைத் துணைக்கோளுக்கே ஏற்றி அனுப்பின. துணைக்கோள் அதைத் திருப்பி ஒலிபரப்பியது. கல்லை வானத்தில் நட்டாலும் அதற்குத் தரையில் ஒரு கல் வேண்டியிருந்தது.

269 பேர்

டிரான்ஸிட்டில் ஒரு குறை. துணைக்கோள் தலைக்கு மேல் வரும்வரை காத்திருக்க வேண்டும். வேகமாகப் போகும் விமானத்துக்கு அது உதவாது. 1973ல் அமெரிக்க ராணுவம், பிராட்ஃபோர்ட் பார்க்கின்சன் தலைமையில், இப்போது நாம் எல்லோரும் பயன்படுத்தும் ஜிபிஎஸ்ஸுக்கு வடிவம் கொடுத்தது. முதல் துணைக்கோள் 1978ல் ஏவப்பட்டது.

தத்துவம் எளிமையானது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் அணுக் கடிகாரத்தோடு துணைக்கோள்கள். ஒவ்வொன்றும் "நான் இந்த இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இத்தனை" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தச் செய்தி நம்மிடம் வந்து சேர எவ்வளவு நேரம் ஆனது என்று பார்த்தால் தூரம் கிடைக்கும். மூன்று தூரங்கள் இருந்தால் இடம் தெரியும். நம் கையில் இருப்பது மலிவுக் கடிகாரம் என்பதால் அந்தத் தவறைச் சரிசெய்ய நான்காவது ஒன்று. நேரத்தில் ஒரு மைக்ரோ விநாடி, அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு விநாடி தவறினால், தூரத்தில் 300 மீட்டர் போச்சு.

ராணுவத்துக்காகச் செய்தது பொதுமக்களின் கவனத்துக்கு வந்ததற்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. 1983 செப்டம்பர் 1 அன்று, நியூயார்க்கிலிருந்து அலாஸ்கா வழியாக சியோலுக்குப் போய்க்கொண்டிருந்த கொரியன் ஏர்லைன்ஸ் 007 விமானம் தன் பாதையை விட்டுச் சில நூறு கிலோமீட்டர் விலகி சோவியத் வான்வெளிக்குள் நுழைந்துவிட்டது. விமானிகளுக்கு விலகியதே தெரியாது. சோவியத் போர் விமானம் சுட்டு வீழ்த்தியது. 269 பேரும் இறந்தார்கள். அதே மாதம் 16ஆம் தேதி, ஜிபிஎஸ் தயாரானதும் உலகத்தின் பயணி விமானங்களுக்கும் இலவசமாகக் கிடைக்கும் என்று ரீகன் அரசு அறிவித்தது.

அதற்கு முன்பும் பொதுமக்களுக்கான சிக்னல் திட்டத்தில் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் உலகத்துக்கு வாக்குக் கொடுத்தது அந்த நாளில்தான்.

ஒரு கை கெடுக்க, ஒரு கை திருத்த

வாக்குக் கொடுத்தார்கள். கூடவே ஒரு காரியமும் செய்தார்கள். பொதுமக்களுக்குப் போகும் சிக்னலில் வேண்டுமென்றே பிழையைக் கலந்தார்கள். 1990ல் இது நடைமுறைக்கு வந்தது. கடிகார நேரத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்து, சாதாரண ஆள் கையில் இருக்கும் கருவி நூறு மீட்டர் வரை தவறாகக் காட்டும்படி செய்தார்கள். எதிரி பயன்படுத்திவிடக் கூடாதே என்ற பயம்.

நடுக்கடலில் நூறு மீட்டர் பெரிய விஷயமில்லை. துறைமுக வாய்க்காலில் நுழையும் எண்ணெய்க் கப்பலுக்கு நூறு மீட்டர் என்றால் பாறை. இதற்குத்தான் டிஃபரன்ஷியல் ஜிபிஎஸ் என்ற முறை கைகொடுத்தது. அதை ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன்.

கரையில் ஓர் இடத்தை சென்டிமீட்டர் சுத்தமாக அளந்து, அங்கே ஒரு கருவியை நட்டு வைக்கிறோம். அதற்குத் தன் இடம் தெரியும். அதனால் ஒரு துணைக்கோள் தன்னிடமிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும் என்றும் தெரியும். சிக்னலை வைத்து அளந்து பார்க்கிறது, 40 மீட்டர் கூடுதலாக வருகிறது. அப்படியானால் இந்தத் துணைக்கோளின் சிக்னலில் இப்போது 40 மீட்டர் பிழை. உடனே ரேடியோவில் அறிவிக்கிறது: "இந்தத் துணைக்கோளுக்கு 40 மீட்டர் கழித்துக்கொள்ளுங்கள்." பக்கத்தில் வரும் கப்பலும் அதே துணைக்கோளை அதே வானத்தின் வழியாகத்தான் பார்க்கிறது. ஏறக்குறைய அதே பிழைதான் அதற்கும். கழித்துக்கொண்டால் சில மீட்டருக்குள் சரியான இடம் கிடைத்துவிடும்.

பிழை எதனால் வந்தது என்று கண்டுபிடிக்க வேண்டியதே இல்லை என்பதுதான் இதன் அழகு. கடிகாரம் கெட்டதா, பாதை மாறியதா, காற்று மண்டலம் தாமதப்படுத்தியதா, வாஷிங்டனில் யாராவது வேண்டுமென்றே கலந்தார்களா... எல்லாமே சேர்ந்து ஒரே எண்ணாக வந்துவிடுகிறது. ஒன்றே ஒன்றைத்தான் இது திருத்தாது. கப்பலுக்குப் பக்கத்தில் இருக்கும் கட்டிடத்தில் பட்டுத் தெறித்து வரும் சிக்னலின் பிழை அந்தக் கப்பலுக்கு மட்டுமே சொந்தம். அதைக் கரையில் இருப்பவன் பார்க்க முடியாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தத் திருத்தத்தை நாடு முழுக்க ஒலிபரப்பியது அமெரிக்காவின் கடலோரக் காவல்படைதான்! அரசாங்கத்தின் ஒரு கை பிழையைக் கலந்தது, இன்னொரு கை உட்கார்ந்து அதை எடுத்தது. இரண்டுக்கும் வரிப்பணம். இந்தக் கூத்துக்கு அர்த்தமில்லை என்பது புரிந்து, 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் கிளிண்டன் அரசு பிழை கலப்பதை நிறுத்தியது. ஒரே இரவில் உலகத்திலுள்ள ஜிபிஎஸ் கருவிகளெல்லாம் பல மடங்கு துல்லியமாகின. கடலோரக் காவல்படையின் அந்தச் சேவையும் 2020ல் மூடப்பட்டுவிட்டது.

நம் ஊரிலும் கலங்கரை விளக்கத் துறை இதே முறையில் கடலோரமாகத் திருத்த நிலையங்களை அமைத்தது. பழவேற்காடு, நாகப்பட்டினம் போன்ற இடங்களும் அந்தப் பட்டியலில் உண்டு. வெளிச்சத்தால் வழிகாட்டிய கோபுரத்துக்குப் பக்கத்தில், எண்ணால் வழிகாட்டும் கோபுரம்.

நம் தலைக்கு மேல் ஒரு தொல்லை

பிழை கலப்பது நின்ற பிறகும் இயற்கை கலக்கிற பிழை மீதம் இருக்கிறது. அதில் பெரியது அயனி மண்டலம். சூரிய ஒளியால் மின்னேற்றம் பெற்ற இந்த அடுக்கு சிக்னலைத் தாமதப்படுத்தும். சில மீட்டர் முதல் பல பத்து மீட்டர் வரை பிழை வரும்.

இதில் நமக்கு ஒரு தனிக் கஷ்டம். பூமியின் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் முனையை ஒட்டிப் போகிறது. 1963 நவம்பரில் நம் முதல் ராக்கெட்டை தும்பாவிலிருந்து விட்டதற்கும் அதுதான் காரணம். திருநெல்வேலியில் புவிகாந்த ஆய்வுக்கூடம் இருப்பதும் அதனால்தான். காந்த நடுக்கோட்டுக்கு மேலே எழும்பும் மின் துகள்கள் நீரூற்று மாதிரி இரண்டு பக்கமும் வழிந்து, வடக்கே குஜராத், மத்தியப் பிரதேசம், வங்காளத்துக்கு மேலே குவிகின்றன. அதாவது பள்ளத்திலிருந்து கிளம்பி முகட்டுக்குக் கீழே வந்து குடியேறியிருக்கிறோம் நாங்கள். நவஜீவன் எக்ஸ்பிரஸில் ஏறும்போது இதெல்லாம் யார் யோசித்தார்கள் :-)

அமெரிக்கா 2003ல் தன் நாடு முழுவதற்கும் துணைக்கோள் வழியாகத் திருத்தம் அனுப்பும் வாஸ் அமைப்பைத் தொடங்கியது. அவர்களுடைய அயனி மண்டலக் கணக்கு நம் வானத்துக்குப் பொருந்தாது. இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து உருவாக்கிய நம் அமைப்புக்குப் பெயர் ககன். வானம் என்று பொருள். நாடெங்கும் பல இடங்களில் அயனி மண்டலத்தை அளந்து, நம் வானத்துக்கென்று தனிக் கணக்குமுறையை இஸ்ரோவிலேயே உருவாக்கினார்கள். 2007ல் முடிந்த சோதனைக் கட்டத்தில் எட்டு நிலையங்கள். டெல்லி, கவுகாத்தி, கொல்கத்தா, அகமதாபாத், திருவனந்தபுரம், பெங்களூர், ஜம்மு, போர்ட் பிளேர். பிறகு அது பதினைந்தானது.

பதினைந்து கற்கள் என்று சொல்லலாம். ஒவ்வொன்றின் இடமும் துல்லியமாகத் தெரியும். எல்லாம் தங்கள் பிழையைப் பெங்களூருக்கு அனுப்புகின்றன. அங்கே கணக்கிட்டு, 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிலையாக நிற்கும் துணைக்கோளுக்கு ஏற்றுகிறார்கள். அது நாடு முழுக்கப் பொழிகிறது.

வழி சுலபமாக இருக்கவில்லை. ககன் கருவியைச் சுமந்த ஜிசாட்-4, 2010 ஏப்ரலில் ராக்கெட்டோடு கடலில் விழுந்தது. அடுத்த வருடம் ஜிசாட்-8, 2012ல் ஜிசாட்-10, 2015ல் ஜிசாட்-15. 2013 டிசம்பர் 30 அன்று முதல் கட்டச் சான்றிதழ், 2015 ஏப்ரலில் விமானம் தரையிறங்க வழிகாட்டும் அளவுக்கான சான்றிதழ். அயனி மண்டலம் இவ்வளவு கொந்தளிக்கும் பகுதியில் இப்படிச் சான்றிதழ் பெற்ற முதல் அமைப்பு இதுதான். 2022 ஏப்ரலில் ராஜஸ்தானின் கிஷன்கட் விமான நிலையத்தில், தரையில் எந்த வழிகாட்டும் கருவியும் இல்லாமல், ககனை மட்டும் நம்பி இண்டிகோவின் ஏடிஆர் விமானம் ஒன்று இறங்கியது.

விமானத்துக்குத் துல்லியத்தைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. சிக்னல் நம்பத்தகாதது என்றால் சில விநாடிக்குள் "என்னை நம்பாதே" என்று அதுவே சொல்லிவிட வேண்டும். ககன் அதைச் செய்கிறது. தவறே வராத கருவி உலகத்தில் கிடையாது. தவறும்போது சொல்லிவிடுகிற கருவியைச் செய்யலாம்.

ஒக்கி

2017 நவம்பர் 30. கன்னியாகுமரிக் கடலில் ஒக்கி புயல். ஆழ்கடலுக்குப் போயிருந்த மீனவர்களில் பலரிடம் ஜிபிஎஸ் கருவி இருந்தது. தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியும். புயல் வருகிறது என்றுதான் தெரியாது. கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தாண்டினால் செல்போன் கிடையாது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் ஆட்களை இழந்தன.

அதன் பிறகு 2019 அக்டோபரில், ஹைதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையமும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து ஜெமினி என்ற சிறு கருவியை அறிமுகப்படுத்தின. திருத்தங்களை அனுப்பும் அதே ககன் சிக்னலில் புயல் எச்சரிக்கையையும் சேர்த்து அனுப்பி, அதை மீனவரின் செல்போன் திரையில் காட்டும். விமானத்துக்காக நட்ட கற்கள் வள்ளத்துக்கும் உதவின. ஆனால் அது கேட்க மட்டும்தான் செய்யும். மீனவர் பதில் சொல்ல முடியாது. "எங்கே இருக்கிறேன்" என்று தனக்குத் தெரிவது வேறு, கரையில் இருப்பவர்களுக்குத் தெரிவது வேறு. ஒக்கி சொல்லிக்கொடுத்த பாடம் அதுதான்.

பரங்கிமலையும் பெரிய கோயிலும்

நிற்க. ரேடியோ வருவதற்கு முன்பே இந்த வேலையை நம் மண்ணில் ஒருவர் செய்திருக்கிறார். வில்லியம் லாம்டன். 1802 ஏப்ரல் 10 அன்று சென்னை பரங்கிமலைப் பக்கம் நூறடி எஃகுச் சங்கிலியால் ஒரு கோடு அளக்கத் தொடங்கினார். ஏழரை மைல். மே 22ல் முடித்தார். கத்திரி வெயிலில் எஃகு நீளுமே, அதற்கும் வெப்பநிலை பார்த்துத் திருத்தம் போட்டார். அந்த ஒரு கோட்டின் நீளம் தெரிந்துவிட்டால் போதும். அதன் மேல் முக்கோணம், அந்த முக்கோணத்தின் மேல் இன்னொரு முக்கோணம் என்று கோணங்களை மட்டும் அளந்துகொண்டே போகலாம். இந்தியா முழுமைக்கும் விரிந்த மாபெரும் முக்கோண அளவை இப்படித்தான் தொடங்கியது.

1808ல் எங்கள் தஞ்சாவூருக்கு வந்தார். சுற்றிலும் சமவெளி, மலை கிடையாது. பெரிய கோயில் விமானத்தின் மேல் தன் அரை டன் எடையுள்ள தியோடலைட்டைக் கயிறு கட்டி ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி மோதி நசுங்கிவிட்டது. வேறு ஆளாக இருந்தால் மூட்டை கட்டியிருப்பார். இவர் கூடாரத்துக்குள் உட்கார்ந்து வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக அதை நிமிர்த்திச் சரிசெய்து, வேலையைத் தொடர்ந்தார்.

இந்த அளவையை ஒட்டி இந்தியாவுக்குப் பொருந்தும்படி பூமியின் வடிவத்துக்கு ஒரு கணக்குப் போட்டார் அவருக்குப் பின் வந்த எவரெஸ்ட். நம் பழைய வரைபடங்கள் அதன்படி. ஜிபிஎஸ் வேறு கணக்கின்படி. பழைய வரைபடத்தில் இருக்கும் எண்ணை அப்படியே ஜிபிஎஸ் கருவியில் போட்டால் நூறு மீட்டருக்கு மேல் தள்ளிப் போய் நிற்போம். இரண்டும் சரிதான். ஆனால் எந்தக் கல்லிலிருந்து அளந்தது என்று சொல்லாமல் ஒரு எண்ணை மட்டும் சொன்னால் அதற்கு அர்த்தமில்லை.

இப்போது இந்திய நில அளவைத் துறை நாடெங்கும் நிரந்தர நிலையங்களை நட்டு வருகிறது. டிஃபரன்ஷியல் முறைதான், ஆனால் இன்னும் நுணுக்கமானது. ஜிபிஎஸ் அலையின் நீளம் சுமார் 19 சென்டிமீட்டர். அந்த அலையின் எந்தப் பகுதி வந்து சேர்கிறது என்பது வரை ஒப்பிட்டுப் பார்ப்பதால் பிழை சில சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். 2020ல் தொடங்கிய ஸ்வாமித்வா திட்டத்தில் கிராமத்து வீட்டு மனைகளை டிரோனால் அளப்பது இந்த நிலையங்களின் துணையோடுதான்.

மறுபடி வயலுக்கு

எங்கள் வயலில் அதெல்லாம் வரவில்லை. எஃப்எம்பி நகல், சங்கிலி, டேப். அப்பா யோசித்துவிட்டு, பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால் மூன்று கிராம எல்லையும் சேரும் முச்சந்திக் கல்லைக் காட்டினார். "அதை யாரும் தொட்டதில்ல சார்" என்றார். சித்தப்பாவும், "ஆமா, அது அசையல" என்றார். ஆறு வருடத்தில் இரண்டு பேரும் ஒத்துக்கொண்ட முதல் விஷயம் அதுதான் என்று நினைக்கிறேன்.

அந்தக் கல்லிலிருந்து அளந்து, வாய்க்கால் ஓரத்தில் இருந்த இன்னொரு கல்லில் சரிபார்த்து, அங்கிருந்து எங்கள் வயலுக்கு வந்தார். ஓர் இடத்தில் குச்சி நட்டு, "இங்க தோண்டுங்க" என்றார். சித்தப்பா மகன்தான் மண்வெட்டி போட்டான். ஒன்றரை அடியில் டங் என்று சத்தம். கல் அங்கேயே இருந்தது. யாரும் பிடுங்கவில்லை. வருடா வருடம் வண்டல் ஏறி மூடிவிட்டது.

கல் எங்கள் வரப்புக்கு இந்தப் பக்கம் இருந்தது. அதாவது, இரண்டடி நகர்ந்தது எங்கள் பக்கத்து வரப்புதான். யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. வருடத்துக்கு ஒரு விரற்கடை என்று வரப்பு வெட்டும்போது நகர்ந்திருக்கிறது. நாங்கள் வரப்பை வைத்துத்தான் எங்கள் நிலத்தை அளந்துகொண்டிருந்தோம். அசைகிற ஒன்றைக் கல் என்று நினைத்துவிட்டோம்.

அப்பா கொஞ்ச நேரம் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. பிறகு சித்தப்பாவைப் பார்த்து, "ஆளை வச்சு வரப்பை மாத்திடறேன். ஆறு வருஷத்து நெல்லுக்கும் கணக்குப் பாத்துக்க" என்றார்.

"நெல்லு கெடக்கு. நீங்க வெயில்ல நிக்காதீங்கண்ணே" என்றார் சித்தப்பா.

அன்று சாயங்காலம் சித்தி ஒரு தூக்கில் காபியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் அகமதாபாத் திரும்புவதற்குள் புது வரப்பு போட்டாயிற்று. கிளம்பும் முன் கல்லின் மேல் செல்போனை வைத்து அந்த இடத்தைக் குறித்துக்கொண்டேன். ஐந்து மீட்டர் முன்பின் இருக்கும். இருந்தாலும் பரவாயில்லை, சர்வேயரிடம் காட்டப் போவதில்லையே.

உங்களுக்கும் ஊரில் நிலமோ மனையோ இருந்தால், அடுத்த முறை போகும்போது எல்லைக் கல் வெளியே தெரிகிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு வாருங்கள். மண் மூடியிருந்தால் நீங்களே தோண்டிக் கல்லை அசைத்துவிடாதீர்கள். பக்கத்து நிலத்துக்காரரையும் கூட வைத்துக்கொண்டு, சர்வேயரைக் கூப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள்.